'புட்' என்ற ஒரே சொல்லால் என் காட்டேஜில் நடந்த மூன்று குளறுபடிகள்

ஏற்காட்டுக் குளிர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய காட்டேஜைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் ஆறு அறைகள். தமிழ்வழியில் படித்தவன். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பதில் போட்டுவிடுவேன். பதினோரு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

இந்த மாதம் இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான தம்பதி எழுதினார்கள். முதல் கடிதத்தில் 'கேன் யூ புட் அஸ் அப் ஃபார் டூ நைட்ஸ்?' என்று இருந்தது. 'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே. மாடியில் வைக்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு மாடி அறையை ஒதுக்கினேன். அந்த அம்மாவுக்கு மூட்டுவலி என்று பிறகுதான் எழுதுகிறார்கள்.

விடிகாலையில் பறவை பார்க்கப் போவார்களாம். 'ஐந்து மணிக்கே சிற்றுண்டி செய்து தருகிறேன்' என்று எழுதினேன். 'ப்ளீஸ் டோன்ட் புட் யுவர்செல்ஃப் அவுட்' என்று பதில் வந்தது. உங்களை வெளியே போட்டுக்கொள்ளாதீர்கள்! எங்களுக்காக நீங்கள் திண்ணையில் படுக்க வேண்டாம் என்கிறார்கள் போலும் என்று நினைத்து, 'இல்லை, எனக்குத் தனி அறை இருக்கிறது' என்று எழுதிவிட்டேன்.

கடைசியாக நேற்று முன்தினம் 'வீ ஹேவ் டு புட் ஆஃப் அவர் விசிட் டில் த ட்வென்ட்டியத்' என்று வந்தது. விளக்கை 'ஆஃப்' செய்வதுபோலப் பயணத்தையே அணைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, மாடி அறையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். இன்று காலை மறுபடி படிக்கும்போது அந்த இருபதாம் தேதி உறுத்துகிறது. இந்த 'புட்' என்னதான் சொல்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குண்டு மாம்பழம் எழுதியது:

எனக்குத் தெரிந்த ஒரே புட்டு, தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுச் சாப்பிடுவது. திண்ணைப் படுக்கையை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன், மன்னிக்கவும்.

கரும்பலகை எழுதியது:

தம்பி, முதலில் ஓர் அறையைப் பிடித்து வையுங்கள். அவர்கள் வருகிறார்கள். 'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை, தள்ளிப்போடுவது. இருபதாம் தேதிக்குத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

'புட் அஸ் அப்' என்றால் தங்க இடம் கொடுப்பது. மாடியும் இல்லை, கீழ்த்தளமும் இல்லை. 'புட் யுவர்செல்ஃப் அவுட்' என்றால் பிறருக்காகத் தன்னைச் சிரமப்படுத்திக்கொள்வது. ஐந்து மணிச் சிற்றுண்டிக்காகச் சிரமப்படாதீர்கள் என்கிறார்கள். நீங்கள் திண்ணையில் படுப்பதாக எடுத்துக்கொண்டது முக்கால்வாசி சரி என்பதுதான் வேடிக்கை. தன் வசதியை விட்டு வெளியே வந்து நிற்பதுதானே அது?

முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'புட்' என்ற சொல்லைத் தனியாக அகராதியில் தேடினால் பொருள் கிடைக்காது. அதன் வாலையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். வால் மாறினால் விலங்கே மாறிவிடும்.

ஏற்காட்டுக் குளிர் எழுதியது:

ஐயோ டீச்சரம்மா! மிக்க நன்றி. கீழ்த்தளத்தில் இருப்பது என்னுடைய அறை ஒன்றுதான். அதைக் காலி செய்துவிடுகிறேன். கடைசியில் நான் திண்ணைக்குத்தான் போகப்போகிறேன்.

பழைய கோப்பு எழுதியது:

மாவட்ட அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் எனக்கு 'புட் அப்' என்றால் ஒரே பொருள்தான். கோப்பில் குறிப்பு எழுதி மேலதிகாரியின் உத்தரவுக்கு வைப்பது. 'ப்ளீஸ் புட் அப்' என்று பச்சை மையில் ஓரத்தில் எழுதி அனுப்புவார்கள். அதைப் பார்த்ததும் வயிற்றில் புளி கரையும், ஏனென்றால் அந்தக் கோப்பு என் மேசையில் மூன்று வாரம் தூங்கியிருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு ரயிலில் ஒருவர் 'வேர் ஆர் யூ புட்டிங் அப்?' என்று கேட்டார். எந்தக் கோப்பை என்று திருப்பிக் கேட்டேன். எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வியாம்.

கரும்பலகை எழுதியது:

ஐயா, அந்தக் கோப்பு 'புட் அப்' நம் நாட்டு அலுவலகங்களின் சொத்து. வெளியூர் ஆங்கிலேயரிடம் சொன்னால் விழிப்பார். ரயிலில் கேட்டதும் நம்மூரில்தான் அதிகம் புழங்குகிறது. பழைய பிரிட்டிஷ் எழுத்தில் பயணிகள் விடுதியில் தங்குவதை அப்படிச் சொல்வார்கள். இப்போது அங்கே அது குறைந்துபோய், 'அவர் எங்களைத் தங்க வைத்தார்' என்ற பொருளில்தான் பெரிதும் வருகிறது. தம்பிக்கு வந்த கடிதத்தில் இருப்பது இதுதான்.

சொல் சிக்கனம் எழுதியது:

எனக்கு இந்த வால் விவகாரமே பிடிப்பதில்லை. 'போஸ்ட்போன்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'டாலரேட்' இருக்கிறது. தீயை அணைக்க 'எக்ஸ்டிங்குவிஷ்' இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள், குழப்பமில்லை. 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்று ஒரே மாட்டுக்கு ஒன்பது கயிறு எதற்கு? நாம் எழுதும்போது நேரான சொல்லை எழுதிவிட்டுப் போகலாம். இந்தப் பட்டியல்களை மனப்பாடம் செய்வது வீண்வேலை.

ஐந்து ரோடு எழுதியது:

அண்ணா சொல்வதை வழிமொழிகிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கான ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிறேன். பயிற்சி வகுப்பில் 'புட்' ஒன்றுக்கே அறுபது வரிப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். காலையில் படித்தால் மாலையில் 'புட் அவே'யும் 'புட் பை'யும் கைகோத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி எழுதியது:

சிக்கனம் அண்ணா, நாம் என்ன எழுதுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. எதிராளி என்ன பேசுவார் என்பது நம் கையில் இல்லையே. என் கதையைக் கேளுங்கள்.

கொலுசு வியாபாரம் எங்களுடையது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனிதர், ஒருநாள் தொலைபேசியில் குரல் கம்மியிருந்தார். என்னவென்று கேட்டேன். 'வீ ஹேட் டு புட் அவர் டாக் டவுன்' என்றார். நாயைத் தூக்கி வைத்திருந்தார், கனம் தாங்காமல் இறக்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். 'பெரிய நாயா? மெதுவாக இறக்க வேண்டும், இடுப்புப் பிடித்துக்கொள்ளும்' என்று அன்போடு அறிவுரை சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

நோய் முற்றிய நாயை மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் முடித்துவிடுவதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். இரண்டு நாள் கழித்து என் அக்கா மகன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு முன்புவரை எனக்கு 'புட் டவுன்' என்றால் முன்பணம் கட்டுவது மட்டும்தான். இப்போதும் அவர் முன்பணம் அனுப்புவதாக அந்தச் சொல்லைச் சொன்னால் எனக்கு அந்த நாய்தான் நினைவுக்கு வருகிறது.

அம்மாப்பேட்டைப் பெண் எழுதியது:

வெள்ளிக்கடை அண்ணா, இதே சொல் என்னையும் ஒருநாள் ஓட வைத்தது. நான் இங்கிலாந்தில் செவிலியராக வேலை செய்கிறேன். வந்த புதிதில் பிரசவ வார்டில் ஒரு தாய் 'ஐ ஹேவ் ஜஸ்ட் புட் த பேபி டவுன்' என்றார். நம் காதில் அது எப்படி விழும்? குழந்தையைக் கீழே போட்டுவிட்டேன்! பதறிக் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். குழந்தை தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கப் போட்டதைத்தான் சொல்லியிருக்கிறார்.

குழந்தை என்றால் தூக்கம், நோயாளி நாய் என்றால் மரணம், பணம் என்றால் முன்பணம், மனிதரைச் சொன்னால் மட்டம் தட்டுவது. நான்கும் ஒரே 'புட் டவுன்'. யாரை, எதை என்பதைக் கேட்காமல் முடிவுக்கு வரக் கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். சிக்கனம் அண்ணா சொல்கிற நேரான சொற்களை இங்கே வார்டில் பேசினால் அறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். தீப்பிடித்தால் 'எக்ஸ்டிங்குவிஷ்' என்று இங்கே யாரும் கத்த மாட்டார்கள்.

சொல் சிக்கனம் எழுதியது:

அந்தச் சிவப்பு உருளையின்மேல் அப்படித்தானே எழுதியிருக்கிறது?

அம்மாப்பேட்டைப் பெண் எழுதியது:

எழுதியிருக்கிறது. எரியும்போது உருளை பேசாது, மனிதர்கள்தான் பேசுவார்கள்.

கரும்பலகை எழுதியது:

சிக்கனம் அவர்களுக்கு ஒரு செய்தி. நீங்கள் நேரான சொல் என்று மெச்சிய 'போஸ்ட்போன்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'போஸ்ட்' என்றால் பின், 'போனெரெ' என்றால் வை. பின்னால் வை! அதாவது அதுவும் ஒரு 'புட்'தான். வால் முன்பக்கம் ஒட்டியிருப்பதால் ஒரே சொல்போலத் தெரிகிறது. எதிரே வைப்பவர் 'ஆப்பொனன்ட்', முன்னே வைப்பவர் 'ப்ரொபொனன்ட்'. நம் நாட்டில் கூட்டத்தை முன்தள்ளுவதற்குப் புழங்கும் 'ப்ரீபோன்' அந்த அச்சில் வார்த்ததே.

பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய துணுக்குகள் பல வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்தன. காலப்போக்கில் அவை கழன்று பின்னால் போய் நின்றன. ஆனாலும் சில இடங்களில் பழைய வரிசை இன்னும் தெரிகிறது. கணினிக்காரர்கள் சொல்லும் 'இன்புட்', 'அவுட்புட்' இரண்டிலும் வால் முன்னால்தானே இருக்கிறது?

வினையும் வாலும் சேர்ந்து ஒரு பொருள் தருவதற்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்ற பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் எழுதிப் பரப்பினார். பெயரை யோசித்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே சொல்லியிருக்கிறார். மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசிவந்ததற்கு நூறு ஆண்டுக்கு முன்புதான் பெயர் நிலைத்தது. அதே அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினை. பிறகு திருத்தி எழுதும்போது 'புட்' அதைத் தாண்டியது, 2011இல் 'ரன்' 645 பொருள்களோடு இரண்டையும் தாண்டியது. எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள் என்பதைக் கவனியுங்கள். மாணவர்களை அழ வைப்பது எப்போதும் சின்னச் சொற்கள்தான்.

பழைய கோப்பு எழுதியது:

டீச்சர் சொன்ன 'பின்னால் வை' என்பதைப் படித்ததும் எனக்கு 'ஒத்திவை' நினைவுக்கு வந்தது. அவை ஒத்திவைப்பு என்று செய்தித்தாளில் தினமும் வருகிறதே. 'தள்ளிப்போடு', 'ஒத்திப்போடு' என்றும் சொல்கிறோம். போடு, வை இரண்டுமே 'புட்'தான். ஆங்கிலக்காரர் வாலை மாட்டுகிறார், நாம் தலையை மாட்டுகிறோம். தலையில் 'தள்ளி' வைத்தால் காலம் போகிறது, 'ஒதுக்கி' வைத்தால் பணம் சேர்கிறது. அதே 'ஒதுக்கி வை' மனிதருக்கு வந்தால் ஊரோடு பேச்சு வார்த்தை கிடையாது.

கரும்பலகை எழுதியது:

பிடித்துவிட்டீர்கள் ஐயா! நான் வகுப்பில் கடைசிப் பத்து ஆண்டுகள் இதை வைத்துத்தான் நடத்தினேன். ஐந்து ரோடு தம்பி, அந்த அறுபது வரிப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு 'போடு' என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடு, விளக்கைப் போடு, வேஷம் போடு. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் 'புட் ஆன்' அப்படியே பொருந்தும். உடம்பில் சதை போட்டாலும் 'புட் ஆன்'தான். அங்கே மட்டும் அவர்கள் 'வெயிட்' என்று எடையைச் சேர்த்துக்கொள்வார்கள். அதை நீங்கள் தமிழில் 'எடை போட்டுவிட்டான்' என்று திருப்பினால் தராசில் நிறுத்தான் என்றோ ஆளை அளந்துவிட்டான் என்றோ ஆகிவிடும்.

எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதும் உண்மை. கோலம் போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, லீவு போடு இவற்றையெல்லாம் 'புட்' என்று மாற்றினால் ஆங்கிலம் தாங்காது. 'ஐ புட் லீவ்' என்று எழுதிய விடைத்தாள்களை எத்தனை திருத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அங்கே 'டேக்' வரும். விடுப்புக்கு விண்ணப்பிப்பது என்றால் 'புட் இன் ஃபார் லீவ்' என்பார்கள், அது சரி.

இன்னும் ஒன்று, வாலுக்கும் ஓரளவு குணம் உண்டு. 'அவுட்' பல இடங்களில் தீர்ந்துபோவதைக் காட்டும். தீ அணைகிறது, பணம் தீர்கிறது, ஓர் இனம் அழிகிறது, எல்லாவற்றிலும் 'அவுட்' வரும். 'ஆஃப்' விலகலைக் காட்டும். தேதி விலகினால் தள்ளிப்போடுவது. மனம் விலகினால் அதுவும் 'புட் ஆஃப்'தான், நாற்றமடிக்கும் கடையைப் பார்த்ததும் சாப்பிடப் பிடிக்காமல் போகிறதே, அது. 'அவே', 'பை' இரண்டும் சேமிப்புக்கு வரும். 'அவே' என்றால் எடுத்து உள்ளே வைத்துவிடுவது, துவைத்த துணியை அலமாரியில் வைப்பதுபோல. 'பை' என்றால் பின்னால் உதவும் என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பது. அரிசிப் பானைக்குள் பணம் வைக்கும் பாட்டி செய்வது இரண்டாவது.

ஐந்து ரோடு எழுதியது:

டீச்சர், இது உள்ளே போகிறது. ஆனால் ஒரு சந்தேகம் இரண்டு வாரமாகத் தின்கிறது. கடிகாரத்தை 'புட் பேக்' செய்தால் நேரம் முன்னதாகப் போகிறது, பத்து மணி ஒன்பது ஆகிறது. கூட்டத்தை 'புட் பேக்' செய்தால் தாமதமாகிறது, பத்து மணிக் கூட்டம் பதினொன்றுக்கு நடக்கிறது. ஒரே வால், எதிர் எதிர்த் திசை. எந்த நியாயம் இது?

அம்மாப்பேட்டைப் பெண் எழுதியது:

நியாயம் எதிர்பார்க்காதீர்கள் தம்பி. இங்கே அக்டோபர் கடைசி ஞாயிறு விடிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் 'புட் பேக்' செய்வார்கள். அன்று இரவுப் பணியில் இருந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். திசை எதுவானாலும் கால்வலி எனக்குத்தான்.

கரும்பலகை எழுதியது:

கடிகாரத்தில் கையால் முள்ளைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். கூட்டத்தை வரிசையில் பின்னுக்குத் தள்ளுகிறோம். தள்ளுகிற பொருள் வேறு, அதனால் விளைவும் வேறு. நாமும் 'பின்னாடி பார்த்துக்கொள்ளலாம்' என்றால் பிறகு என்கிறோம், 'பின்னோக்கிப் பார்த்தால்' என்றால் கடந்த காலம் என்கிறோம். நம் வீட்டு முரண் நமக்குக் கண்ணில் படுவதில்லை.

குண்டு மாம்பழம் எழுதியது:

முரண் என்றதும் ஒன்று. விளக்கை அணை, குழந்தையை அணை, மேட்டூர் அணை. ஒன்றில் அவிகிறது, ஒன்றில் தழுவுகிறது, ஒன்று 1934இலிருந்து காவிரியை மறித்து நிற்கிறது. தமிழ் கற்கும் வெள்ளைக்காரர் ஒருவர் இதுபோல ஓர் இழை தொடங்கி நம்மைத் திட்டிக்கொண்டிருப்பார்.

சொல் சிக்கனம் எழுதியது:

சரி, தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், 'போஸ்ட்போன்' விஷயத்தில் மட்டும் வாயடைத்துவிட்டது. ஒரு கேள்வி. தேதியைத் தள்ளிப்போடும் வாக்கியத்தில் 'இட்' எங்கே வரும்? 'புட் ஆஃப் இட்' என்று நான் எழுதியதை அலுவலகத்தில் ஒரு சின்னப் பெண் அடித்துத் திருத்திவிட்டாள். காரணம் கேட்டால் காதுக்குச் சரியாக இல்லை என்கிறாள்.

கரும்பலகை எழுதியது:

அவள் காது நல்ல காது. பெயர்ச்சொல் என்றால் இரண்டு பக்கமும் நிற்கலாம். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'ஹிம்', 'தெம்' போன்ற சுட்டுச் சொல் வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும், 'புட் இட் ஆஃப்'. தம்பிக்கு வந்த கடிதத்தில் 'புட் அஸ் அப்' என்று 'அஸ்' நடுவில் இருப்பதைப் பாருங்கள்.

'புட் அப் வித்' மட்டும் இதற்கு அடங்காது. பொறுத்துக்கொள்வது என்று பொருள். மூன்றையும் பிரிக்க முடியாது, பொறுக்க வேண்டிய பொருள் கடைசியில்தான் வரும். மாமியார் தொல்லையைப் போல என்று வகுப்பில் சொல்வேன். இப்போது நானே மாமியார் ஆகிவிட்டேன், உதாரணத்தை மாற்றிக்கொண்டேன்.

பழைய கோப்பு எழுதியது:

தமிழில் ஒரு படி மேலே போய் இரண்டு 'புட்'டையும் அடுக்குகிறோம் என்பதைக் கவனித்தீர்களா? 'போட்டு வை'. போடுவதும் அதுவே, வைப்பதும் அதுவே. ஆனால் சேர்த்துச் சொன்னால் பின்னால் வரப்போகிற ஒருவருக்காக இப்போதே செய்துவிடுவது என்று பொருள் வந்துவிடுகிறது. இதற்கு அவர்களிடம் எந்த வால் இருக்கிறது?

கரும்பலகை எழுதியது:

ஒரே வாலில் சொல்ல வராது ஐயா. ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

ஏற்காட்டுக் குளிர் எழுதியது:

எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். இன்று இருபதாம் தேதி, அவர்கள் வந்துவிட்டார்கள். சேலத்திலிருந்து வரும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என்று உங்களுக்குத் தெரியும். கார் நின்றதும் அந்த அம்மா வெளிறிப்போன முகத்தோடு இறங்கி, அந்த வளைவுகள் 'ஹேவ் புட் மீ ஆஃப் மை லன்ச்' என்றார். போன வாரமாக இருந்திருந்தால் மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குத் தள்ளிப்போடச் சொல்கிறார் என்று சமையற்காரரிடம் சொல்லியிருப்பேன். மனம் விலகினாலும் 'புட் ஆஃப்' என்று டீச்சரம்மா எழுதியது சட்டென்று நினைவுக்கு வந்தது. மிளகு ரசம் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

மாடிப்படியைக் காட்டாமல் நேராகக் கீழறைக்கு அழைத்துப் போனேன். அது என் அறை என்பதைச் சுவரில் மாட்டியிருந்த என் சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. பெரியவர் அதைப் பார்த்து, 'யூ ஹேவ் புட் யுவர்செல்ஃப் அவுட்' என்றார். இந்த முறை எனக்குப் புரிந்தது, ஆனால் பதில் சொல்ல ஆங்கிலம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

இங்கே மாலையிலேயே குளிர் இறங்கிவிட்டது. அவர்கள் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வருவதற்குள் குளிக்க வெந்நீர் போட்டு வைத்திருக்கிறேன். கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது, பிறகு வருகிறேன்.